துயரும் பாடலும்: ஒப்பாரி, கீர்த்தனை, பறை – தமிழ்த் திருச்சபை வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தை அடுத்துள்ள சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு துக்க வீட்டின் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். இறந்தவன் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞன். கூலி வேலைக்கு வெளியூர் சென்று உயிரற்ற உடலாகத் திரும்பியவன். உடலின் அருகே அமர்ந்திருந்த தாய் இரு கைகளையும் விரித்து, நீண்ட ஓர் இழுப்போடு ஒப்பாரியைத் தொடங்கினார். தெருப்பெண்கள் நால்வர் ஐவர் தோளோடு தோள் சேர்ந்து அவரைச் சூழ்ந்து அமர்ந்தனர். இரண்டு அடிகள் முடியுமுன் சபை ஊழியர் ஒருவர் எழுந்து, “அம்மா, நாம் நம்பிக்கை இல்லாதவர்களா? ஒப்பாரி வைக்கலாமா? நிறுத்துங்கள்; கீர்த்தனை பாடுவோம்” என்றார். பாட்டுப் புத்தகங்கள் விரிந்தன. கீர்த்தனை நன்றாகவே பாடப்பட்டது. தாயோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அடக்கம் முடியும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சில நாட்களுக்குப் பின் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். மகன் இறந்த நாள் முதல் சரியாக உண்ணாதிருந்த அத்தாய், முந்தைய இரவு கொல்லைப்புறத்தில் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவரோடு அமர்ந்து விடியும்வரை ஒப்பாரி பாடினாராம். காலையில் ஒரு வாய் கஞ்சி குடித்தாராம். அந்த மூதாட்டி நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு எதையும் நிறுவ நாம் முயலவில்லை. ஆயினும் அது எழுப்பிய வினா நம்மை விடவில்லை. ஆறுதல் சொல்ல வந்த திருச்சபை ஒரு தாயின் வாயை ஏன் அடைத்தது? சபை மறுத்த ஆறுதல் கொல்லைப்புறத்தில் எவ்வாறு கிடைத்தது?

இன்று “இசைச் சிகிச்சை” என்ற சொல் மருத்துவ உலகில் மதிப்புடன் வழங்குகிறது. மனத்துயரைத் தணிக்கவும், சொல்ல இயலாததை வெளிப்படுத்தவும் இசை துணை செய்யும் என்பது அதன் அடிப்படை. தமிழ் மக்களிடையே இக்கருத்து புதிதன்று. இதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதில் தமிழ்த் திருச்சபை எடுத்த நிலைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புண்பட்டவன் அருகில் பாடிய பெண்கள்

நோயுற்றவனுக்காகப் பாடும் வழக்கத்திற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 281ஆம் பாடல். அரிசில் கிழார் பாடிய அப்பாடலில், போரில் விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரன் ஒருவனைப் பெண்கள் காக்கின்றனர். மனையில் இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் செருகுகின்றனர், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர், ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடுகின்றனர், நறும்புகை எடுக்கின்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்திலோ, புலி பாய்ந்ததால் மார்பில் புண்பட்ட கணவன்மாரின் வேதனை தணியுமாறு குறத்தியர் பாடும் பாட்டு மலைவழியில் செல்வோரின் காதில் விழுகிறது. தொல்காப்பியமும், புண்பட்டவனைப் பேய் அணுகாதவாறு மனைவி காத்தலைக் காஞ்சித்திணையின் துறையாகக் கூறுகிறது.

இச்செய்திகளில் பேய் பற்றிய அக்கால நம்பிக்கை கலந்திருப்பது உண்மையே. அதை நீக்கிப் பார்த்தாலும் மூன்று கூறுகள் எஞ்சுகின்றன. முதலாவது, வேம்பு, கடுகு, புகை முதலிய பொருள்களோடு இசையும் சேர்ந்தே பயன்பட்டது. பிற பண்டுவத்திற்கு மாற்றாக அது வைக்கப்படவில்லை. இரண்டாவது, பாடியவர் தொழில்முறைப் பாணர் அல்லர். புண்பட்டவனின் வீட்டுப் பெண்களும் அவர்தம் தோழியருமே. மூன்றாவது, அவர்கள் தனித்துப் பாடவில்லை. புறநானூற்றுப் பெண் தன் தோழியை அழைத்துக்கொண்டே காக்கப் புறப்படுகிறாள். துன்பத்தின் அருகில் கூடியிருந்து பாடுதல் என்னும் இப்பண்பே பின்வந்த காலமெல்லாம் தொடர்வதைக் காண்கிறோம்.

இறந்தோரை எண்ணி ஆற்றாது பாடுவதைச் சங்கச் சான்றோர் கையறுநிலை என்றனர். தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் நிலவொளியில் பாடியதாக உள்ள சிறு பாடல் புறநானூற்றில் 112ஆவது. தலைமுறை தலைமுறையாகக் கற்றோர் உள்ளத்தை உருக்கிவரும் அப்பாடல், இரு பெண்கள் தம் இழப்பைத் தம் வாயாலேயே சொன்னது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர், ஏழாம் நூற்றாண்டில், சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் பதிகம் பாடி நோய் நீங்கப் பெற்றார் என்பது சைவ மரபு. நோய் நீங்கியது எவ்வாறு என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்ப விளக்கலாம். வேதனையை மறைக்காமல், அது தம்மை என்ன செய்கிறது என்பதை இறைவனிடமே முறையிட்டுப் பாடும் துணிவு அப்பதிகத்தில் உண்டு. அத்துணிவு எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான செல்வம்.

2. ஒப்பாரி என்னும் உரிமை

ஏட்டில் ஏறிய கையறுநிலைக்கு ஏட்டில் ஏறாத உடன்பிறப்பு ஒப்பாரி. பிலாக்கணம் எனவும் இது வழங்கும். இறந்தவரை ஒன்றனோடு ஒப்புச் சொல்லி அழுவதால் ஒப்பாரி ஆயிற்று என்பர். இதனைப் பாடுவோர் பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுப்பில் சேர்ந்துகொள்வர், ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அசைவர், மாரடிப்பர். இசை சில சுரங்களுக்குள் அடங்கியது. மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி, விம்மலில் முடியும். அந்த விம்மலும் இசையின் ஒரு பகுதியே. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி முடியும். ஆதலின் பயிற்சி இல்லாதவரும், குரல் இல்லாதவரும் அதைப் பாட இயலும்.

ஒப்பாரியில் இறந்தவரின் புகழ் மட்டும் இல்லை. பிறந்த வீட்டார் கைவிட்டது, அண்ணன் சீர் செய்யாதது, மாமியார் சொன்ன சொல், கடன், பசி, மலடி என்ற பழி, விதவையின் தனிமை ஆகிய அனைத்தும் அதில் வரும். வேறு எந்த இடத்திலும் வாய்திறக்க முடியாத ஒரு பெண், துக்க வீட்டில் ஊரார் முன்னிலையில் தன் குறையைச் சொல்லலாம். அதற்காக அவளை எவரும் கடிந்துகொள்வதில்லை. மானிடவியலார் இசபெல் கிளார்க்-டிசேஸ், பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இறந்தோருக்காகப் பாடுவதாகத் தோன்றும் பெண்கள் தம் சொந்த இழப்புகளுக்காகவே அழுகின்றனர் என்ற கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். நம் ஊர்ப் பெண்களைக் கேட்டாலும் அவர்கள் வெட்கமின்றி இதனை ஒப்புக்கொள்வர். இது பொய்யழுகை அன்று. இன்று விழுந்த அடி பழைய புண்களையெல்லாம் திறக்கிறது. பாட்டு அவற்றுக்கு வரிசையும் வடிவும் தருகிறது. கதறல் மட்டுமாயின் அது பாடுபவளை இழுத்துச் சென்றுவிடும். பாட்டாகும்போது கதறலுக்குக் கரை உண்டாகிறது.

நா. வானமாமலை 1964ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழர் நாட்டுப் பாடல்கள் போன்ற தொகுப்புகளில் ஒப்பாரிக்கு உரிய இடம் கிடைத்தது. எழுத்தறியாப் பெண்கள் வரலாற்றுக்கு விட்டுச் சென்ற சாட்சியம் இது என்பதைப் பல்கலைக்கழகங்கள் காலம் கடந்தேனும் உணர்ந்தன. சபைகள் இன்னும் முழுமையாக உணரவில்லை.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஒப்பாரி நடைபெறும் அதே முற்றத்தில்தான் கைம்பெண்ணின் வளையல் உடைக்கப்பட்டது, பொட்டு அழிக்கப்பட்டது. கூலிக்கு மாரடிக்கும் வழக்கமும், சாவு வீட்டுக் குடியும் இருந்தன. இவற்றைக் கண்டு வருந்திய மிஷனெரிகளும் தமிழ்ப் போதகர்களும் சாவுச் சடங்கு முழுவதையும் ஒருசேர விலக்க முற்பட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பெண்ணை இழிவுபடுத்திய சடங்குகளோடு, பெண்ணுக்குப் பேச இடமளித்த பாட்டையும் சேர்த்து எறிந்ததே அவர்கள் செய்த பிழை.

3. திருமறையில் புலம்பல்

ஒப்பாரியை விலக்குவோர் பொதுவாக இரண்டு வேதப் பகுதிகளைக் காட்டுவர். ஒன்று, நம்பிக்கையற்றோரைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது. மற்றொன்று, யவீருவின் வீட்டில் குழல் ஊதுவோரையும் அழுவோரையும் இயேசு வெளியே அனுப்பியது. முன்னதில் பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை; நம்பிக்கையற்ற துக்கத்தையே தடுக்கிறார். பின்னதில், சிறுமி மரிக்கவில்லை என்று ஆண்டவர் சொன்னபோது அக்கூட்டம் அவரைப் பார்த்து நகைத்தது. அழுகையிலிருந்து நகைப்புக்கு அத்துணை விரைவில் தாவிய கூட்டத்தையே அவர் வெளியேற்றினார். இலாசருவின் கல்லறையருகே அவர் தாமே கண்ணீர் விட்டார். சிலுவைப் பாதையில் மாரடித்துப் புலம்பிய எருசலேம் பெண்களை அவர் வாயடைக்கவில்லை. தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழும்படி சொன்னார். நம் ஒப்பாரிப் பெண்கள் செய்வதும் அதுவே அன்றோ?

எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில், புலம்பற்பெண்களை வரவழையுங்கள் என்றும், உங்கள் மகள்களுக்குப் புலம்பலைக் கற்றுக்கொடுங்கள் என்றும் கட்டளை வருகிறது. இஸ்ரவேலில் புலம்பல் பெண்கள் வழிவழியாகக் கற்ற ஒரு கலை என்பது இதனால் தெளிவாகிறது. தாவீது சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் பாடிய புலம்பலை யூதாவின் மக்களுக்குக் கற்பிக்கச் சொன்னதாக இரண்டாம் சாமுவேல் நூல் கூறுகிறது. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முறையீடும் புலம்பலுமாகும். புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. நகரமே இடிந்து கிடக்கும்போது கவிஞன் எழுத்து வரிசையைப் பற்றிக்கொள்கிறான். அழிவின் நடுவே மனம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டியிருக்கிறது, வடிவம் அக்கம்பாகிறது.

இசையால் மனநோய் தணிந்ததற்கு நாம் அடிக்கடி காட்டும் சான்று முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரம். தாவீது சுரமண்டலத்தை வாசிக்கும்போது சவுல் ஆறுதலடைந்தான். ஆனால் அக்கதை அங்கு முடியவில்லை. இரண்டு அதிகாரம் கடந்தால், அதே தாவீது வாசித்துக்கொண்டிருக்கையில் அதே சவுல் ஈட்டியை எறிகிறான். பொறாமையை இசை வேரோடு பிடுங்கவில்லை. இசை ஆற்றும், ஆனால் ஆற்றுவது எல்லாம் குணமாக்குவது ஆகாது. இந்த எச்சரிக்கையையும் திருமறையே நமக்குத் தருகிறது.

4. ஏலாக்குறிச்சியும் தஞ்சையும்

விக்கிரமங்கலம் உள்ள அதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் இதனைத் திருக்காவலூர் என்று அழைத்து, இதன்மீது கலம்பகம் பாடினார். 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்து 1747ஆம் ஆண்டு மறைந்த அவர் இயற்றிய நூல்களுள் அன்னை அழுங்கல் அந்தாதி ஒன்று. சிலுவையில் மாண்ட மகனுக்காகத் தாய் அழும் அழுகையை அவர் அந்தாதி யாப்பில் அமைத்தார். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாகும் அந்தாதி, முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் துயரத்துக்கு மிகவும் பொருந்திய வடிவம். மகனை இழந்த தாயின் ஓலத்தைக் கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்துள் அவர் மதிப்புடன் அமர்த்தினார். சீர்திருத்தச் சபையினராகிய நாம் அவருடைய கொள்கைகள் பலவற்றிலிருந்து வேறுபடலாம். இதில் அவரிடமிருந்து கற்கலாம்.

நம் சபைகளின் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கிய பின், ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. 1740ஆம் ஆண்டு வந்த பப்ரிசியுஸ் ஐயர் அப்பணியைச் செம்மைப்படுத்தினார். அவற்றின் பொருளாழத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், ஐரோப்பிய இராகத்தின் அழுத்தங்கள் தமிழ்ச் சொல்லின் நெடில் குறிலோடு இசையாமல், பாடுவோர் நாவில் தமிழ் அந்நியமாக ஒலித்ததும் உண்மை.

இக்குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாயிருக்கையிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். இளவரசர் சரபோஜியோடு பழகியவர்; பின்னர் அவருடைய அவையில் புலவராக அமர்ந்தவர். குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை எனத் தமிழ் மக்கள் கேட்டு மகிழ்ந்த வடிவங்களிலெல்லாம் கிறிஸ்துவைப் பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில், பாடுவோன் தன் நெஞ்சோடும் தன் ஆண்டவரோடும் நேரே பேசும் தன்மை அவருடைய பாடல்களுக்கு உண்டு. பல்லவி திரும்பத் திரும்ப வரும். அது கேட்போர் வாயிலும் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இவ்வாறு ஒரு மன்றாட்டு மொழி கிடைத்தது.

1829ஆம் ஆண்டு அவருக்கும் தஞ்சையின் புதிய மிஷனெரிகளுக்கும் கடும் பூசல் ஏற்பட்டது. வேதப் புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதியாரை ஒன்றாக அமரவும் ஒன்றாக நற்கருணை பெறவும் வற்புறுத்தியது, திருநாட்களில் மலரலங்காரத்தைத் தடுத்தது, ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களையும் தமிழ் இசையையும் விலக்கியது என நான்கு குறைகளை அவர் முன்வைத்தார். இவ்விடத்தில் வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகிறது. தமிழ் இசையைக் காப்பதில் அவர் சரி, மிஷனெரிகள் தவறு. சாதி வேறுபாட்டைக் காப்பதில் அவர் தவறு, மிஷனெரிகள் சரி. ஒருவரே ஒரே மனுவில் இரண்டையும் கேட்டார். தமிழ் மரபு என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது யாருடைய மரபைச் சொல்கிறோம் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

1864ஆம் ஆண்டு சாஸ்திரியார் மறைவதற்கு முன்னரே அவருடைய பாடல்கள் வென்றன. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853ஆம் ஆண்டு வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவருடைய பாடல்களே மிகுதி. ஒருகாலத்தில் ஆலயத்திற்குப் புறம்பானது என்று விலக்கப்பட்ட கீர்த்தனை, இன்று நம் துக்க வீடுகளில் ஒப்பாரியை விலக்கும் அதிகாரம் பெற்றுவிட்டது. இந்த முரணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. மருத்துவராகிய இசைவாணர்

தமிழ்க் கிறிஸ்தவருள் மருத்துவத்தையும் இசையையும் ஒருங்கே வாழ்வாக்கியவர் ஆபிரகாம் பண்டிதர். 1859ஆம் ஆண்டு சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையில் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சித்த மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். மருந்துகளால் ஈட்டிய செல்வத்தை இசையாராய்ச்சியில் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். 1917ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, 1919ஆம் ஆண்டு மறைந்தார்.

இந்த நோய்க்கு இந்த இராகம் என்று மருந்துச் சீட்டு எழுதும் இக்காலப் பழக்கத்திற்கு அவருடைய பெயரைத் துணைக்கழைப்பது பொருந்தாது. அவருடைய பெருநூலின் உயிர்நாடி சுருதியாராய்ச்சியே. கருநாடக இசை என்று வழங்குவதன் வேர் பழந்தமிழிசையில் உள்ளது என்பதைச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களைக் கொண்டு நிறுவ அவர் உழைத்தார். நோயுற்ற உடலை உற்றுநோக்கிய அதே பொறுமையோடு அவர் ஒலியையும் உற்றுநோக்கினார் என்பதே நமக்குப் பாடம். கீர்த்தனைகளும் இயற்றினார். ஓர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றிய கிறிஸ்தவர், தமிழ் இசை தம்முடையது என்று உரிமை கொண்டாடியதே ஒரு பெரும் தன்வெளிப்பாடு எனலாம்.

6. அரசரடியில் பறை ஒலித்த கதை

கீர்த்தனையும் பண்ணாராய்ச்சியும் கற்றோர்க்கு உரிமை தந்தன. சேரியில் வாழ்ந்த கிறிஸ்தவனின் இசையோ வெளியிலேயே நின்றது. பறை சாவுக்குரிய கருவியாகவும், அதை அடிப்பவர் தீட்டுக்குரியவராகவும் கருதப்பட்டனர். மதுரை அரசரடியில் 1969ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு இந்நிலையை எதிர்த்தார். பறட்டை அண்ணன் என்று மாணவரும் மக்களும் அன்புடன் அழைத்த அவர், 1940ஆம் ஆண்டு பிறந்து 2005ஆம் ஆண்டு மறைந்தார். நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்களையும் வழிபாட்டு முறையையும் இயற்றி, பறையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தார். அனைவரும் ஒரே உலையில் சமைத்து உண்ணும் குடும்பமாகத் திருவிருந்தை விளக்கினார்.

நாட்டுப்பாட்டைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. நாட்டுப்பாட்டை யாரும் பாடலாம். பாடுபவர் தம் நிலைமைக்கேற்ப அடிகளை மாற்றலாம், சேர்க்கலாம், விடலாம். அச்சிட்ட கீர்த்தனையில் அவ்வுரிமை இல்லை. பாடுபவர் பிறர் சொல்லைச் சொல்கிறார். இந்த உரிமையே ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்குக் கருவியாகும் என அவர் நம்பினார். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவருடைய இசையையும் இறையியலையும் பற்றி 2014ஆம் ஆண்டு ஒரு முழு நூலே வெளியிட்டார். சத்தியநாதன் கிளார்க் 1998ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், பறையைக் கிறிஸ்துவின் அடையாளமாகக் கொண்டு இறையியல் செய்தார்.

இதற்கு எதிர்ப்பு மேட்டிமையோரிடமிருந்து மட்டும் வரவில்லை. “எங்கள் பாட்டனார் கட்டாயத்தால் சுமந்த பறையை நாங்கள் ஏன் மீண்டும் தோளில் போட வேண்டும்? அதை எறிவதே விடுதலை” என்று ஒடுக்கப்பட்டோரிலேயே பலர் கூறினர். இக்கூற்றில் ஆழ்ந்த வேதனையும் தன்மானமும் உள்ளன. ஓர் இசை ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றொருவருக்கு அவமானத்தின் நினைவாகவும் இருக்கலாம். ஆதலால் எந்த இசை தம்மைக் குணமாக்கும் என்பதைக் காயம்பட்டவரே தெரிந்துகொள்ள வேண்டும். அதை அவர்களுக்காக வேறொருவர் தெரிவு செய்தல் தகாது. மேலைநாட்டு மிஷனெரி செய்தாலும், கீர்த்தனைப் பாடகர் செய்தாலும், விடுதலை இறையியலார் செய்தாலும் அது ஒரே பிழையே.

7. இன்றைய இசைச் சிகிச்சை

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் நிறைந்த அமெரிக்க மருத்துவமனைகளில் இசைவாணர்கள் பணியாற்றிய அனுபவத்தால், இசைச் சிகிச்சை தனித்த ஒரு தொழிலாக உருவாயிற்று. 1944ஆம் ஆண்டு மிச்சிகனில் இதற்கெனப் பட்டக் கல்வி தொடங்கியது. 1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் தேசிய சங்கம் ஒன்று அமைந்தது. இங்கிலாந்தில் ஜூலியட் ஆல்வின் 1958ஆம் ஆண்டு ஒரு சங்கத்தை நிறுவினார். நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றி வருகிறது. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் மருத்துவக் கல்லூரியில் இதற்கென ஒரு மையம் ஏற்பட்டது.

இச்சிகிச்சையில் இருவகை உண்டு. ஒன்று, தகுந்த இசையைக் கேட்கச் செய்து, அது எழுப்பும் நினைவுகளையும் உணர்வுகளையும் பற்றி உரையாடுதல். மற்றொன்று, துன்புறுவோரே பாடவும், தாளமிடவும், மெட்டமைக்கவும் துணைசெய்தல். இரண்டாவது வகையில், நன்றாகப் பாடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடுபவர் விரைந்தால் சிகிச்சையாளரும் விரைவார். தயங்கினால் தாமும் தயங்கி உடன் நிற்பார். ஒப்பாரியில் உடன் அமர்ந்து இழுப்பில் சேரும் தெருப்பெண் செய்வதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆயினும் சிகிச்சையாளர் பயிற்சி பெற்றவர். நோயின் தன்மையை அறிந்தவர். ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதை உணர்ந்தவர். இந்த வேறுபாட்டை நாம் மறைக்கலாகாது.

பயன் எவ்வளவு? 2017ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, மனச்சோர்வு நோயைப் பற்றிய 9 ஆய்வுகளை நோக்கியது. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 421 பேர். வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிடக் குறுகிய காலத்தில் மிகுந்த முன்னேற்றம் காணப்பட்டது என்பது அதன் முடிவு. “சேரும்போது” என்ற சொல் முக்கியமானது. புறநானூற்றுப் பெண்களும் இசையைப் பிற பண்டுவத்தோடு சேர்த்தே வைத்தனர். மருந்தை நிறுத்திவிட்டுப் பாடினால் போதும் என்று சொல்வோர் விஞ்ஞானத்திற்கும் உண்மையானவர் அல்லர். தமிழ் மரபுக்கும் உண்மையானவர் அல்லர்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நம் சபைகள் மேற்கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, துக்க வீட்டில் போதகரின் முதற்கடமை பாடுவதன்று, கேட்பது. பெண்கள் புலம்பி முடிக்குமட்டும் அவர் அமைதியாக அமர்ந்திருக்கட்டும். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தபோதுதான் நல்ல நண்பர்களாயிருந்தனர். இரண்டாவது, அடக்க ஆராதனை ஒழுங்கில் புலம்பற் சங்கீதங்களுக்கும், துயருற்றோர் தம் சொற்களில் முறையிடுவதற்கும் இடம் அளிக்கவேண்டும். மூன்றாவது, நம் சபை மூதாட்டியர் அறிந்த ஒப்பாரிகளை, அவர்கள் இசைவு பெற்று, இறையியல் மாணவர்கள் கேட்டுத் திரட்ட வேண்டும். புலம்பல் நூலை வகுப்பில் கற்கையில் அவற்றையும் அருகில் வைத்துக் கற்கவேண்டும். நான்காவது, துயரம் நோயாக முற்றும்போது, உறக்கமும் உணவும் நாட்கணக்கில் அற்றுப்போகும்போது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டும்போது, தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பாட்டும் மருந்தும் பகைவர் அல்லர்.

கீர்த்தனையை விட்டுவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பாடாத சபை கிறிஸ்துவின் சபையாகாது. ஆனால் வெள்ளிக்கிழமையைக் கடக்காமல் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. விக்கிரமங்கலத்தருகே அந்தத் தாயிடம் நாம் ஞாயிற்றுக்கிழமையின் பாட்டை வெள்ளிக்கிழமையே கேட்டுவிட்டோம். அன்று திண்ணையில் அமர்ந்திருந்த நாமும் எழுந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆகவே அந்த ஊழியரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. நம் சபையைச் சாராத ஒரு மூதாட்டி கொல்லைப்புறத்தில் செய்த ஊழியத்தை, இனி நம் வீட்டு முற்றத்திலேயே, வெளிச்சத்திலேயே செய்யக் கற்றுக்கொள்வோமாக.